ஆவுடையப்பன் பசிக்கு மண்டகப்படி

மேற்கே மலையும் கிழக்கே குளமுமாக இருக்கிற பூவலிங்கபுரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ எது நடந்தாலும் அண்டாவும் போணியும் கரண்டியும் ஆவுடையப்பனின் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்துதான் போகும். அண்டா போன வழியிலேயே ஆவுடையப்பனும் போவார். போனவர் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு காதில் விழுந்த பிறகுதான் அடுப்படியில் நிற்கிற சமையல்காரருக்கு மூச்சு வரும். இப்படிப் பந்தி பந்தியாக உட்கார்ந்து எழுந்ததில் நாற்பத்தைந்து வயதில் அவர் நூற்று நாற்பது கிலோ ஆனார். முழங்கால் இரண்டும் முரண்டு பிடித்தன, மூக்கில் குழாய் மிஷினை மாட்டினால்தான் தூக்கம் என்றானது, ஒரு நாள் கைகாட்டிய ஆட்டோ ஒன்று அவரைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனது. முழங்காலைக்கூடப் பொறுத்துக்கொண்டவருக்கு அந்த ஆட்டோவைப் பொறுக்க முடியவில்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து வயிற்றை வெட்டிச் சுருக்கிக்கொண்டார்.

பசியைச் சுரக்கிற பாகத்தையே எடுத்தாச்சு, இனிமேல் பசி உங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது என்று டாக்டர் சொன்னார். எடுத்த பசி எங்கே போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மற்றவர்கள் பசியெல்லாம் ஆஸ்பத்திரியோடு அடங்கியிருக்கலாம். ஆவுடையப்பனின் பசிக்கு ஊர்ப்பற்று அதிகம். அவர் மயக்கம் தெளிந்து கண் விழிப்பதற்குள் அது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு டீயோடு மத்தியானம் வரை டூட்டி பார்க்கிற மனுஷர்; அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு தட்டு இட்லி, ராஜபாளையத்தில் இறங்கி ஒரு தட்டு பொங்கல், புளியங்குடியில் இறங்கி இரண்டிலும் ஒவ்வொரு தட்டு என்று நின்று நின்று வந்ததில் பயணிகளெல்லாம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பூவலிங்கபுரம் விலக்கில் பசி இறங்கிக்கொண்டதும் கண்டக்டர் ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, வண்டி ஏன் இவ்வளவு லேட் என்று டிரைவரைக் கோபித்துக்கொண்டார்.

ஊருக்குள் வந்த பசி முதலில் நுழைந்தது கீழத்தெரு வடிவு வீட்டில். வடிவுக்கு நாலு வயதில் ஒரு பெண், பெயர் சிவகாமி, சோற்றைக் கண்டால் ஓடுகிற பிள்ளை. ஒரு கிண்ணம் பருப்புச்சாதத்தை ஊட்ட வடிவு வீட்டில் ஆரம்பித்து, தெருவைக் கடந்து, குளத்தங்கரையில் கொக்கைக் காட்டி, மிச்சத்தைக் கொக்குக்கே போட்டுவிட்டுத் திரும்புவாள். அன்றைக்கு அந்தப் பிள்ளை தானாக வந்து தட்டைத் தட்டியது, போட்ட இட்லியையெல்லாம் தின்றது, அண்டை வீட்டிலிருந்து கடன் வாங்கிய இட்லியையும் தின்றது, கடைசியில் பாயசம் கேட்டு, அதில் அப்பளத்தை நொறுக்கிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று இழுத்தது. வடிவு பயப்படவில்லை. “இது நம்ம பாத்திரக்கடை மாமா பசில்லா,” என்று அடையாளம் கண்டு, வந்த பசிக்கு ஒரு செம்பு தண்ணீரும் வைத்தாள்.

மறுநாள் அது டைபாய்டில் கிடந்து வாய் கசந்துபோன தையல்காரரிடம் இருந்தது. அதற்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு ‘பெண் ஒல்லி’ என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் இருந்தது. போகிற வீட்டில் எது கிடைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிட்டது, யார் ரொம்பக் கொஞ்சம் சாப்பிடுவார்களோ அவர்களுக்குள்ளேதான் போய் உட்கார்ந்தது, ஒரு நாளைக்கு மேல் எங்கேயும் தங்கவில்லை. இவ்வளவு நல்ல குணமுள்ள பசியை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

பசியின் சொந்தக்காரர் ஊருக்குத் திரும்பியபோது அவரும் பசியும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தார்கள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதுவும் ஒதுங்கிப் போய்விட்டது. தன்னை நூற்று நாற்பது கிலோ ஆக்கியது அதுதான் என்று அவருக்குத் தீராத கோபம். அன்றிலிருந்து சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அளந்து சாப்பிட்டார், ஒவ்வொரு வாயையும் பல் வலிக்க மென்றார், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கவில்லை, பயறும் பருப்புமாகத் தின்றார், புரதப் பொடியைக் கரைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார், காலையில் குளத்தைச் சுற்றி நடந்தார். எடை இறங்கி எண்பதுக்கு வந்து நின்றது. முதல் வருஷம் ஊர் வாயைப் பிளந்து பாராட்டியது. இரண்டாம் வருஷம் பாராட்டு நின்றுபோய், ‘என்ன மாமா இப்படி உருகிட்டிய, சுகரா?’ என்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்தது. இறக்குவதற்குக் கைதட்டுகிறவர்கள், இறக்கியதை அப்படியே வைத்திருப்பதற்குக் கைதட்ட மாட்டார்கள் என்பதை ஆவுடையப்பன் அப்போது தெரிந்துகொண்டார்.

இதற்குள் பசிக்காக ஊரில் அடிதடி ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய பசியை மேலத்தெருக்காரர்கள் வடை வாசனை காட்டி இழுத்துவிட்டார்கள் என்று கீழத்தெரு சொன்னது. கீழத்தெருவில் பசியை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள் என்று மேலத்தெரு சொன்னது. விவகாரம் கோவில் கமிட்டித் தலைவர் பால்வண்ணநாதனிடம் போனது. பால்வண்ணநாதனுக்கு எந்த வழக்கு வந்தாலும் திருவிழாவாகப் பார்த்துத்தான் பழக்கம். ஆனித் திருவிழாவில் சாமிக்கு எப்படி ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு நாள் மண்டகப்படி எடுத்து, சாமியைத் தங்கள் தெருவில் இறக்கிவைத்துப் பூசையும் பொங்கலும் செய்கிறதோ, அதேபோல் பசிக்கும் வீட்டுக்கு வீடு மண்டகப்படி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முறை வந்த வீட்டில் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், மாவிலை கட்டினார்கள், சிலர் மேளமும் வைத்தார்கள். பசியும் முறை தவறாமல் போய்வந்தது.

அதோடு விட்டிருந்தால் கதை இல்லை. மண்டகப்படி என்றால் முதல் மரியாதை உண்டே. அது யாருக்கு என்று கூடிப் பேசியபோது, பசிக்கு உடையவர் யாரோ அவருக்குத்தானே என்று ஒரே குரலில் முடிவானது. அன்றிலிருந்து எந்த வீட்டில் மண்டகப்படி நடந்தாலும் தலைவாழை இலை முதலில் ஆவுடையப்பனுக்கு விழுந்தது. பசியைத் தொலைப்பதற்காக மதுரை வரை போய் வயிற்றை வெட்டிக்கொண்டு வந்த மனுஷரை, அந்தப் பசிக்கு மரியாதை செய்வதற்காகவே கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். இதில் என்ன தப்பு என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, சொல்லப்போனால் ஆவுடையப்பனுக்கே தோன்றவில்லை.

அவருக்குத் துளிப் பசி கிடையாது. ஆனாலும் மாலை போட்டு அழைத்த இடத்தில் எழுந்து வரமுடியுமா? ஒரு வாய் சாப்பிட்டார். அந்த ஒரு வாயைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களுக்காக இன்னொரு வாய் சாப்பிட்டார். பாயசத்தை நாக்கில் வைத்தால் வேர்த்து நெஞ்சு படபடக்கும். அதற்காக ஒரு மணி நேரம் இருந்து, படபடப்பு அடங்கிய பிறகு இன்னும் அரைக் கரண்டி குடித்தார். ஒரு வீட்டில் மரியாதைக்கு, ஒரு வீட்டில் உறவுக்கு, ஒரு வீட்டில் போன வாரம் பக்கத்து வீட்டில் சாப்பிட்டது தெரிந்துவிட்டதே என்பதற்கு. சுருங்கிய வயிறு மெல்ல மெல்ல இடம் கொடுத்தது. ஏழாம் வருஷம் பார்க்கும்போது, பசி என்பதே இல்லாமல் அவருக்கு இருபது கிலோ ஏறியிருந்தது.

மனைவி செண்பகம் கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மிஷினை இழுத்துப் போட்டு ஏறச் சொன்னாள். தரை சரியில்லை என்று ஆவுடையப்பன் சொன்னார். கூடத்துக்கு மாற்றினாள், அங்கே ஈரம் என்றார். முற்றத்துக்கு மாற்றினாள், காற்று தள்ளுகிறது என்றார். கடைசியில் மதுரைக்கே கூட்டிக்கொண்டு போனாள். உணவு ஆலோசனை சொல்கிற அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பசி திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டார். பசியெல்லாம் நன்றாக இருக்கிறது, இன்றைக்கு மேலத்தெருவில் இருக்கும் என்று இவர் சொன்னார். பசிக்காமல் எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, “கூப்பிட்டாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இப்படியே போனால் மறுபடியும் மூக்கில் குழாய், மறுபடியும் முழங்கால், மறுபடியும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அவருக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம்.

அந்த வாரம் வடிவு வீட்டு மண்டகப்படி. சிவகாமி இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிற பெண். எப்போதும் போலப் பசி வந்து அவளோடு உட்கார்ந்தது. எப்போதும் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆவுடையப்பன், அன்றைக்குச் சாப்பிடப் பயந்துபோய், முதல் தடவையாக எதிர்ப்பக்கம் பார்த்தார். சிவகாமி ரசித்துச் சாப்பிட்டாள், ஒரு தடவை சோறு கேட்டு வாங்கினாள், பிறகு சட்டென்று கையை எடுத்து, “போதும்மா,” என்று சொல்லி இலையை மடக்கினாள். அவளுக்குள்ளிருந்து பசி திருப்தியாக எழுந்து, வாசலில் கையைக் காலைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. அவ்வளவுதான்.

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவா நம்ம பசி? ஒரு கைப்பிடிச் சோற்றில் எழுந்து போகிற இந்த அப்பாவியா நம்மைக் கெடுத்தது? பிறகு கணக்காக யோசித்துப் பார்த்தார். ஊரெல்லாம் சுற்றி, இல்லாத வீட்டில் இருந்ததைத் தின்று, பிள்ளைகளோடு பிள்ளையாய் உட்கார்ந்து, இந்த ஏழு வருஷத்தில் பசி பக்குவப்பட்டிருக்கிறது. இவரோ பசியைத் துரத்தியபோது அதன் கூடவே இன்னொன்றையும் துரத்திவிட்டிருக்கிறார். பசித்து உட்கார்ந்தவனுக்குத்தான் எந்த இடத்தில் எழுந்திருக்கவேண்டும் என்று தெரியும். பசியே இல்லாமல் உட்கார்ந்தவன், கரண்டி பிடித்தவர்களுக்குக் கை வலிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏழு வருஷமாக ஒரு வாயில்லாப் பூச்சிமேல் பழி போட்டுவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது.

நேரே கமிட்டிக்குப் போய், என் பசியை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கமிட்டி ஆடிப்போய்விட்டது. பால்வண்ணநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நீரு வேண்டாம்னு எறிஞ்சது வே அது. இத்தன வருசம் ஊரு அனுபவத்துல இருக்கு. அனுபவ பாத்தியதை ஊருக்குத்தான்,” என்றார். இனி பிள்ளைகள் எப்படிச் சாப்பிடும் என்று தாய்மார்கள் மல்லுக்கு நின்றார்கள். அப்போது வடிவுதான் எழுந்து, இத்தனை நாள் அந்தப் பசியோடு உட்கார்ந்து சாப்பிட்டதில் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொந்தமாகவே ஒரு பசி முளைத்துவிட்டது, மற்ற வீடுகளிலும் பார்த்தால் தெரியும் என்றாள். பார்த்தார்கள், அநேகமாக எல்லா வீட்டிலும் சின்னதும் பெரியதுமாக முளைத்துத்தான் இருந்தது. பால்வண்ணநாதன் தோற்றுப்போக விரும்பாமல், நாளைக்கு நடக்கிற, இந்தச் சுற்றின் கடைசி மண்டகப்படியில் பசி யாரோடு உட்காருகிறதோ அவர்களுக்கு அது சொந்தம் என்று முடித்தார்.

கடைசி மண்டகப்படி ஆவுடையப்பனின் அக்கா உலகம்மாளுடையது. இதைக் கேட்டதும் செண்பகம் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஊர்ல ஒருத்தர்கிட்டயுமே நீங்க வேண்டாம்னு சொன்னதில்ல. ஒங்க அக்கா முன்னால சொல்லுவியளா?” என்று கேட்டாள். ஆவுடையப்பனுக்கு ஐந்து வயதில் தாய் போய்விட்டாள். பதினைந்து வயது உலகம்மாள்தான் தம்பியை இடுப்பில் வைத்துச் சோறூட்டி வளர்த்தாள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் தினம் ஒரு தூக்குவாளி வந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள்கூட ஆஸ்பத்திரி வாசலில் தூக்குவாளியோடு நின்று நர்ஸிடம் வாக்குவாதம் பண்ணியவள். அவள் கரண்டியை நீட்டியபோது ஆவுடையப்பன் இலையை மறைத்ததாகச் சரித்திரம் கிடையாது.

மறுநாள் உலகம்மாள் வீட்டு முற்றத்தில் பந்தி. சொதி விருந்து. தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் கொதித்த மணம் தெருமுனை வரை வந்து ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்தது. ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தது, சாப்பிட பாதி, வேடிக்கை பார்க்க பாதி. உலகம்மாள் சொதி வாளியைத் தூக்கிக்கொண்டு தம்பியின் இலைக்கு எதிரே வந்து நின்றாள். பசியும் வந்தது. வழக்கமாக அந்த வீட்டில் அத்தானோடு உட்காருகிற பசி, அன்றைக்கு எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் நிலைப்படியிலேயே நின்றது.

ஆவுடையப்பன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். “வா, வந்து உக்காரு,” என்றார். “ஒம்மேல தப்பில்ல. நாந்தான் ஒன்ன சரியா வச்சுக்கிடல.”

அது வந்து உட்கார்ந்தது. அவர் வயிற்றுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் எழுந்து பந்தி முழுவதும் கேட்டது, பால்வண்ணநாதன் குறித்துக்கொள்கிறவர் போல ஒரு தடவை தலையாட்டினார். ஏழு வருஷத்துக்குப் பிறகு ஆவுடையப்பனுக்குப் பசித்தது. சோற்றில் சொதியைப் பிசைந்து இஞ்சிப் பச்சடியைத் தொட்டு வாயில் வைத்ததும், இவ்வளவு நாளும் தான் தின்றதில் எதற்குமே ருசி இல்லாமலிருந்தது அவருக்குத் தெரிந்தது. மெதுவாக மென்றார். மறுவாய் எடுத்தார். இன்னும் சில வாய் சாப்பிட்டிருப்பார், உள்ளே என்னவோ ஒன்று லேசாக, இதமாக, கதவு சாத்துகிற மாதிரி நடந்தது. முதலில் அது நெஞ்சுவலியோ என்று பயந்தார். சட்டைப்பையில் மாத்திரை இருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தார். அப்புறம்தான், ஓகோ, இதுதான் அது என்று புரிந்தது. வாளியில் கரண்டி முங்கி மேலே வந்தது.

ஆவுடையப்பன் இரண்டு கையாலும் இலையை மறைத்தார்.

“அக்கா, போதும்.”

பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் நின்றது. செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உலகம்மாள் நீட்டிய கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், சொட்டு ஒன்று தரையில் விழுந்தது.

“போதும்னா? வயிறு நெறஞ்சுட்டாலே?”

“நெறஞ்சுட்டுக்கா.”

உலகம்மாள் கரண்டியை வாளிக்குள் போட்டாள். வாளியைக் கீழே வைத்தாள். முகம் கோணவில்லை, கண்ணும் கலங்கவில்லை. நெடுநாள் தலையில் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டு நிற்கிறவள் போல நின்றாள்.

“ஏல, இந்த ஒரு சொல்ல நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே. அம்மா போகையில, தம்பி வயிறு நெறஞ்ச பொறவு நீ சாப்புடுன்னு எங்கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போனா. நீ நெறஞ்சுட்டுன்னு சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். சொல்லவே இல்ல. சரி, புள்ளைக்கு இன்னும் பசிக்குது போலருக்குன்னு நானும் போட்டுக்கிட்டே இருந்தேன்.”

“அப்ப நீ?”

“நான் எங்க சாப்பிட? பாத்திரம் கழுவுததுக்கு முன்னால நின்னுக்கிட்டே ரெண்டு வாய். அவ்வளவுதான்.”

ஆவுடையப்பன் எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, அக்காவின் தோளைப் பிடித்துத் தன் இடத்துக்குப் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தார். புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு வைத்து, குழி பறித்து, சொதியை ஊற்றினார். உலகம்மாள் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தாள். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள். முற்றத்தில் இருந்தவர்கள் தங்கள் இலையை மறந்து பார்த்தார்கள். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய பசி. முதல் சோறு போனது, இரண்டாம் சோறு போனது, பச்சடி கிண்ணம் காலியானது, அடுப்படியில் மறுபடியும் உலை வைத்தார்கள். பால்வண்ணநாதன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “இது யாரு பசி வே?” என்று விசாரித்தார். அவுக பசிதான், அவுக சொந்தப் பசி என்று அவர் சொன்னார்.

ஆவுடையப்பனுக்கு வாளி பிடித்த கை வலித்தது. ஒரு தடவை குனிந்து, “போதுமா அக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

உலகம்மாள் நிமிரவில்லை. இடது கையால் இலையின் ஓரத்தைக் காட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துலே.”